நீர் இறங்கிய கரையில் கேமராவோடு: வாசகர் கேள்வி – பதில்

கோடை பிறந்ததிலிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பலவும் நீர் வற்றிய ஏரிகளையும் அணைகளையும் படம் பிடிப்பதைப் பற்றியே கேட்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ள ஆறு கேள்விகளை எடுத்து, இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: மேட்டூர் அணையில் நீர் குறைந்து, நீரில் மூழ்கியிருந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிகிறது என்ற செய்தியைப் பார்த்துப் பண்ணவாடிக்குச் சென்றேன். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை 200 படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மண் சாம்பல் பூத்தது போல இருக்கிறது, வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது, நந்தி ஒரு புள்ளியாகத் தெரிகிறது. நேரில் நின்றபோது பேச்சே வராமல் செய்த காட்சி படத்தில் ஏன் வரவில்லை? வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

லென்ஸ் வாங்க வேண்டாம். போகும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டூர் 12 பாகை வட அகலாங்குக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அங்கே ஏப்ரல் 21ஐ ஒட்டிய நாட்களில், பகல் 12.15 மணிக்குப் பிறகு, சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வந்துவிடும். மே மாதம் முழுவதும் நண்பகலில் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. நீங்கள் நின்ற மூன்று மணி நேரமும் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே சுருண்டு கிடந்திருக்கும். நிலத்தின் மேடு பள்ளத்தை நம் கண்ணுக்குக் காட்டுவது நிழல்தான் என்பதால், நிழல் இல்லாத நேரத்தில் எடுத்த தரை எந்த விலையுயர்ந்த கேமராவில் எடுத்தாலும் வெள்ளையடித்த சுவர் போலத்தான் இருக்கும்.

மே மாதத் தொடக்கத்தில் அப்பகுதியில் சூரியன் காலை 6 மணியை ஒட்டி உதிக்கிறது. நம் ஊர்களில் அது சாய்வாக ஊர்ந்து எழாமல் செங்குத்தாக, மணிக்குச் சுமார் 14 பாகை வீதம் மேலேறுகிறது. ஆகவே மண்ணைத் தடவிச் செல்லும் படுத்த வெயில் காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். ஏழேகால் மணிக்கு மேல் நீங்கள் எடுப்பதெல்லாம் நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முந்தைய நாள் மாலையிலேயே போய் எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட்டு, மறுநாள் 5.15 மணிக்கு அந்த இடத்தில் நில்லுங்கள். சூரியன் வருவதற்கு முந்தைய அரைமணி நேரத்து நீல வெளிச்சம், வற்றிய நீர்ப்பரப்புக்கு வேறெந்த வெளிச்சத்தையும்விட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் அனுபவம். எஞ்சிய நீர் அப்போதுதான் வானத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது.

இனி, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பது. பண்ணவாடி நீர்த்தேக்கத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை. எனவே காலையில் தண்ணீரை நோக்கி நின்றால் சூரியன் உங்கள் எதிரே எழும். நந்தி கரிய உருவமாகவும் அதைச் சுற்றியுள்ள நீர் வெள்ளித் தகடாகவும் விழும். கல்லின் முகமும் அதன் மேல் படிந்த சேற்றின் நிறமும் தெரிய வேண்டுமானால் மாலைதான் ஏற்றது. மேற்கே மலைகள் இருப்பதால், நாட்காட்டி சொல்லும் நேரத்துக்குச் சற்று முன்பே வெயில் போய்விடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டு படங்களும் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வேளையில் கிடைக்க மாட்டா.

நந்தி புள்ளியாகத் தெரிந்ததற்குக் காரணம், கண் விரும்பியதை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிறது, அகன்ற லென்ஸ் எல்லாவற்றையும் சமமாகப் பார்க்கிறது. 18 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே எடுத்தால் நந்தி புள்ளியாவது இயல்பு. நீர்மட்டத்தைப் பொறுத்து நடந்தோ, பரிசல்காரரிடம் பேசிப் பரிசலிலோ நெருங்கிச் செல்லுங்கள்; இல்லையென்றால் உங்களிடம் உள்ள 55-250 போன்ற லென்ஸில் 150 மி.மீ.க்கு மேல் வைத்துக் கரையிலிருந்தே எடுங்கள். நீண்ட லென்ஸ் எதிர்க்கரை மலையை நந்தியின் முதுகுக்குப் பின்னால் இழுத்து வந்து நிறுத்தும். அந்த மலைச்சரிவில் நீர் ஏறி நின்ற உயரம் வரைக்கும் மரம் செடி இல்லாத வெளிர்ப் பட்டை ஒன்று ஓடுவதைப் பார்க்கலாம். அந்தப் பட்டை படத்துக்குள் வந்தே ஆக வேண்டும். அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர்மட்டம் 70 அடிக்குக் கீழே இறங்கும் கோடைகளில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. நந்தி, நீர், மேலே அந்தப் பட்டை என்று மூன்றும் ஒரே சட்டத்தில் அமைந்தால், 1934இல் கட்டி முடித்த அணை எந்த ஆழத்தில் அந்த ஊர்களை மூழ்கடித்தது என்பதைப் பார்ப்பவர் விளக்கம் எதுவும் இல்லாமலே புரிந்துகொள்வார். நந்தியை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அது எந்தக் கோயில் வாசலிலும் இருக்கக்கூடிய நந்தியாகிவிடும்.

கரையையும் கூர்ந்து பாருங்கள். நீர் ஒரே சீராக இறங்குவதில்லை. சில நாள் ஓரிடத்தில் நிற்கிறது, பிறகு சட்டென்று இறங்குகிறது. நின்ற இடத்திலெல்லாம் சிற்றலைகள் சரிவை அரித்துக் கையளவு உயரத்தில் படி வெட்டிவிட்டுப் போகின்றன. மேலிருந்து கீழே சீப்பால் வாரியது போல வரிசையாக இறங்கும் இந்தப் படிகள் நண்பகலில் கண்ணுக்கே படா; காலை வெயிலில் ஒவ்வொரு படிக்கும் ஒரு மெல்லிய நிழற்கோடு விழுந்து, கரை முழுவதும் ஏடு அடுக்கியது போலாகிவிடும்.

மண் சாம்பலாக விழுந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த வண்டல் வெளிர் நிறமுடையது. கேமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். எனவே வெயில் உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்போது ஒளியளவை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டி வையுங்கள். சூரியனை நோக்கி எடுக்கும்போது அதற்கு மாறாகக் குறைக்க வேண்டும். நீரில் மின்னும் ஒளி முற்றாக வெளுத்துவிட்டால் அதைப் பிறகு மீட்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வெயிலில் திரையை மட்டும் நம்பக் கூடாது.

வெள்ளை வானத்துக்கு மருந்து, வானத்தை விட்டுவிடுவதுதான். கோடையின் புழுதியும் வெக்கையும் வானத்தை வெளுக்கச் செய்யும் நாட்களில் தொடுவானத்தைச் சட்டத்தின் உச்சியில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் வைத்து, மீதி முழுவதையும் நிலத்துக்குக் கொடுங்கள். சேலம், தருமபுரிப் பக்கங்களில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை பெய்யும் நாட்கள் உண்டு. அப்படி மழை பெய்த மறுநாள் காலையில் காற்று கழுவி விட்டது போல் இருக்கும்; தூரத்து மலையின் மடிப்புகள்கூடத் தெரியும். அந்த ஒரு காலைக்காக ஒரு வாரம் காத்திருக்கலாம்.

வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என்னிடம் செல்போன் மட்டுமே இருக்கிறது. எங்கள் ஊர் ஏரியின் காய்ந்த தரையை எடுத்தால் அருகிலுள்ள மண் தெளிவாக இருக்கிறது, தூரத்துக் கரை கலங்கிவிடுகிறது. அல்லது கரை தெளிவாகி மண் கலங்கிவிடுகிறது. என்ன செய்வது?

செல்போனில் இந்தச் சிக்கல் வருவது, பெரும்பாலும் தரைக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுப்பதால்தான். முழங்கால் உயரத்துக்கு உயர்த்திக்கொண்டு, காலடி மண்ணைத் தொடாமல், மூன்று நான்கு அடி தள்ளியுள்ள மண்ணைத் திரையில் தொட்டுக் குவியுங்கள். செல்போனின் சென்சார் சிறியது. அந்தத் தூரத்தில் குவித்தாலே கரை வரை பெரும்பாலும் போதிய தெளிவு கிடைக்கும். அதீத அகல லென்ஸைவிட முதன்மை லென்ஸே நல்லது. அகல லென்ஸ் பல போன்களில் ஓரங்களை மழுக்கிவிடுகிறது, மேலும் ஏரியின் கரையை அது நூலாக மெலிய வைத்துவிடும். விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்க வேண்டாம், நடந்து போங்கள். தொட்ட இடத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் வானம் வெளுக்காமல் இருக்கும்.

பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு கணக்கு சொல்லி வைக்கிறேன். சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவில் 18 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/11இல் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் குவித்தால், சுமார் முக்கால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் போதிய தெளிவோடு விழும். எஃப்/22க்குப் போனால் இன்னும் தெளிவு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறி, படம் முழுவதும் மெல்லிய மங்கல் படர்ந்துவிடுகிறது.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் கண்மாய் இந்த ஆண்டு முற்றிலும் வற்றிவிட்டது. நடுவே இரண்டு உயரமான கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றில் எழுத்துகள் இருப்பதாக ஊரில் சொல்கிறார்கள். படத்தில் எழுத்து தெரியவே இல்லை. மாவு பூசி எடுக்கலாமா?

மாவோ சுண்ணாம்போ எண்ணெயோ எதுவும் பூசாதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். நூற்றாண்டுகளாக நீரில் நின்ற எழுத்து, நீங்கள் தேய்க்கும் ஒரு காலைப்பொழுதில் போய்விடக்கூடும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நீங்கள் சொல்வது குமிழித் தூம்பு, கண்மாய் நீரைத் திறந்துவிடும் பழைய கல்மதகு. இரண்டு தூண்களுக்கு இடையே குறுக்குப் பலகைக் கற்கள், அடியில் கல்தொட்டி, தொட்டியின் மேல்மூடியில் நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை, அங்கிருந்து கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை என்று அதன் அமைப்பு இருக்கும். கண்மாய் நிறைந்திருக்கும்போது ஒருவர் நீந்திச் சென்று துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்குவார்; மேலுள்ள தெளிந்த நீர் ஒரு துளை வழியாகவும், அடியில் தேங்கிய சேறு மற்றொன்றின் வழியாகவும் வெளியேறும். தூம்பை இட்டவர் பெயரைத் தூணிலேயே வெட்டி வைக்கும் வழக்கம் உங்கள் மாவட்டத்தில் பரவலாக இருந்தது. நீர் நிறைந்த ஆண்டுகளில் தூண்களின் தலை மட்டும் தெரியும். முழு உருவத்தையும் தரையிலிருந்து பார்க்கும் வாய்ப்பு இப்படிப்பட்ட கோடையில் மட்டுமே கிடைக்கிறது.

எழுத்துக்கு வேண்டியது பக்கவாட்டு ஒளி. எழுத்துள்ள முகம் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருந்தால், அந்த முகத்தை வெயில் உரசிக்கொண்டு போகும் நேரம் நாளில் ஒருமுறை வரும். நண்பகலுக்குச் சற்று முன்போ பின்போ மேலிருந்து வழியும் வெயிலில் எழுத்தின் மேல்விளிம்புகள் நிழல் கொள்ளும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் உச்சி வெயில் உதவும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் சூரியன் மறைந்த பிறகு செல்லுங்கள். கேமராவை முக்காலியில் நேராக நிறுத்திவிட்டு, ஒரு டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் இடப்பக்கத்திலிருந்து அடித்து ஒரு படம், வலப்பக்கத்திலிருந்து ஒரு படம், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று நான்கு படங்கள் எடுங்கள். இடப்பக்க ஒளியில் மறைந்த கோடு வலப்பக்க ஒளியில் தெரியும். அளவு தெரிய ஓர் அடிக்கோலைச் சட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். பிறகு தூம்பு, கரை, மடை மூன்றும் சேர்ந்து தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள். தூண் எந்தக் கண்மாயில் எங்கே நிற்கிறது என்பது தெரியாத கல்வெட்டுப் படம் பாதிப் படம்தான். எல்லாப் படங்களையும் வட்டார அருங்காட்சியகத்துக்கோ கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கோ அனுப்பி வையுங்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு தாய்: என் மகள் கல்லூரித் தோழிகளோடு அணையின் வற்றிய பகுதிக்குப் படம் எடுக்கப் போகிறாள். தண்ணீர்தான் இல்லையே என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் தேவைதானா?

தேவைதான் அம்மா. தண்ணீர் இல்லாத இடத்தைவிடத் தண்ணீர் இப்போதுதான் போன இடம் ஆபத்தானது. நீரோரத்துச் சேறு மேலே ஏடு கட்டி உலர்ந்தாற்போல் இருக்கும். அந்த ஏடு ஒரு கொக்கைத் தாங்கும், ஆளைத் தாங்காது. மகளிடம் மூன்று அடையாளங்களைச் சொல்லி அனுப்புங்கள். மண்ணின் நிறம் சுற்றிலும் உள்ளதைவிடக் கருத்திருந்தாலும், வெடிப்புகளுக்குள் ஈரம் மின்னினாலும், ஆடு மாடுகளின் குளம்படி அந்தப் பக்கம் போகாமல் திரும்பியிருந்தாலும் அங்கே கால் வைக்கக் கூடாது. கையில் ஒரு கோல் இருக்கட்டும்; குத்திப் பார்த்துவிட்டு நடக்கட்டும். கால் புதைந்துவிட்டால் பதறிக்கொண்டு இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி இழுக்கக் கூடாது. பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்பிக்கொண்டு, ஒரு காலைச் சிறிது சிறிதாக அசைத்து எடுக்க வேண்டும். ஏரிகளில் வண்டல் வெட்டிய குழிகளில் எஞ்சி நிற்கும் நீர் முழங்கால் அளவு போலத் தோன்றும். ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். காலைக் கழுவுவதற்காகக்கூட அதில் இறங்க வேண்டாம்.

மாலையில் இடி கேட்டால் அந்த நிமிடமே கிளம்பிவிட வேண்டும். மரமும் கட்டடமும் இல்லாத பரந்த வெளியில் மிக உயரமான பொருள் முக்காலியோடு நிற்கும் ஆள்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் துணைக்கு இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. மீன் பிடிப்பவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் அந்தத் தரை உள்ளங்கை போலத் தெரியும். அணைக்கட்டின் மேலும் மதகுகளின் அருகிலும் அனுமதியில்லாமல் படம் எடுக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

மகளுக்கு இன்னொரு செய்தி. காய்ந்த தரையில் நடக்கும்போது ஒரு பறவை தலைக்கு மேலே வட்டமிட்டு விடாமல் கத்தினால், அது ஆள்காட்டி. அருகில் முட்டை இருக்கிறது என்று பொருள். கூடு என்று எதுவும் இருக்காது. கூழாங்கற்களுக்கு நடுவே சிறு குழியில், அதே மண் நிறத்தில், கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள் கிடக்கும். இப்படி ஒருமுறை கத்தலைப் பொருட்படுத்தாமல் முக்காலியை ஊன்றப் போனேன். காலுக்கு ஒரு சாண் தூரத்தில் முட்டைகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். வந்த தடத்திலேயே திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்குப் படம் எடுக்கவில்லை. கோடை வெயிலில் தாய்ப்பறவை பத்து நிமிடம் விலகியிருந்தாலே முட்டை வெந்துவிடக்கூடும். நீர் இறங்கும்போது தலைகாட்டும் திட்டுகளில் ஆற்று ஆலாப் பறவைகளும் இப்படித்தான் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. அத்தகைய திட்டுகளுக்குப் பரிசலில் போய் இறங்க வேண்டாம்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: வறட்சி என்ற தலைப்பில் நடந்த ஒரு போட்டிக்கு, வெடித்த தரையின் படத்தை அனுப்பினேன். ஒளியும் தெளிவும் நன்றாகவே இருந்தன. பரிசு கிடைக்கவில்லை. இதே போன்ற படங்கள் பல வந்ததாகச் சொன்னார்கள். வெடித்த தரையை வேறு எப்படித்தான் எடுப்பது?

அந்தப் போட்டியின் முடிவைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் படத்தை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். சட்டத்தின் நான்கு ஓரம் வரை வெடிப்பு, நடுவில் ஒரு காய்ந்த செடி. அது எந்த ஏரி, நீர் எவ்வளவு இருந்தது, எப்போது போனது என்று ஒன்றையும் அந்தப் படம் சொல்லவில்லை. உலகில் எங்கே எடுத்திருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள நம் மானாவாரி ஏரிகளில் பல, நல்ல மழை பெய்த ஆண்டிலும் சித்திரை, வைகாசியில் வற்றித்தான் போகும். வண்டல் காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பை எடுத்து வறட்சி என்று தலைப்பிட்டால், ஏரியின் இயல்பான ஒரு பருவத்தை நாம் பேரழிவாக்கிக் காட்டுகிறோம். உண்மையான வறட்சி வரும் ஆண்டில் அதைக் காட்டுவதற்கு நம்மிடம் படம் இல்லாமல் போகிறது. ஆகவே கேமராவை எடுப்பதற்கு முன் கரையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்: இந்த ஏரி வழக்கமாக எந்த மாதத்தில் வற்றும்? கடைசியாக எப்போது கலங்கல் வழிந்தது? அவர் சொல்லும் பதில்தான் உங்கள் படத்தின் தலைப்பு.

பிறகு அந்தப் பதிலைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் பொருளைத் தேடுங்கள். மதகுச் சுவரில் பாசி காய்ந்து நிற்கும் கோடு, தரைக்கு மேலே வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கும் படித்துறையின் கடைசிப் படி, கட்டிய கயிற்றோடு மண்ணில் அமர்ந்துவிட்ட படகு, நீருக்குள் நின்றிருந்த கருவேல மரத்தின் அடிமரத்தில் படிந்த சேற்று வளையம் ஆகிய எல்லாமே நீர் தன் உயரத்தைக் குறித்து வைத்துப் போன இடங்கள். வெடிப்பு அவற்றின் காலடியில் இருக்கட்டும்.

வெடிப்பையே எடுத்தாலும் அதைப் படித்து எடுங்கள். களி கலந்த வண்டல் நீரை இழந்து சுருங்கும்போது, முதல்முறை காயும் சேற்றில் ஒரு வெடிப்பு இன்னொன்றைச் செங்குத்தாகச் சென்று முட்டும். நனைந்தும் காய்ந்தும் பலமுறை ஆன தரையில் மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியில் சம கோணத்தில் கூடும். பாளங்கள் தேன்கூட்டு அறை போல ஆறு பக்கம் கொள்ளும். சேற்றுப் படிவு தடிப்பாக இருந்தால் பாளமும் பெரிதாக இருக்கும். நீரோரத்திலிருந்து கரை நோக்கி நடந்தால் இந்த மாற்றம் காலடியிலேயே தெரியும். ஒரு பாளத்தின் அருகே குனிந்து பாருங்கள். மேல்தோல் முதலில் காய்ந்து, ஓரங்கள் அப்பளம் போல மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். நடுவே ஒரு மாட்டுக் குளம்படி, அதன் பள்ளத்தில் வெளுத்த நத்தை ஓடு ஒன்று, வெடிப்பின் இடுக்கில் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு கோரை. உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது என்று அந்தக் கோரை சொல்கிறது. இதைப் போன்ற ஒரு பாளம், நூறு பாளங்களை ஒன்றாகக் காட்டுவதைவிட அதிகம் பேசும்.

மனிதரைச் சட்டத்தில் வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் உழவரைக் கூப்பிட்டு, வெடித்த தரையில் குந்த வைத்து, நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்க்கச் சொல்லி எடுப்பதை அருள்கூர்ந்து விட்டுவிடுவோம். மேட்டூரில் நீர் இறங்கிய நிலத்தில் உழவர்கள் சோளமும் எள்ளும் விதைக்கிறார்கள். ஏரித் தரையில் ஆடு மேய்கிறது, பிள்ளைகள் மட்டை எடுத்துக்கொண்டு வந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள், குட்டையில் எஞ்சிய மீனை ஊரே கூடிப் பிடிக்கிறது. நடப்பதை, அனுமதி கேட்டு, நடந்தபடியே எடுங்கள். கணினியில் திருத்தும்போது மண்ணை அதன் நிறத்திலேயே விட்டுவிடுங்கள். மாறுபாட்டைக் கூட்டிக் கூட்டிச் செஞ்சாந்து நிறமாக்கிய வண்டல், அந்த ஊர்க்காரர் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்: நான் ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து ஒரே நீர்நிலையை எடுத்து வைக்க விரும்புகிறேன். டெல்டாவின் உயிர் மேட்டூரில் இருப்பதால் அதையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். எப்படித் தொடங்குவது?

ஐயா, இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வற்றியபோது, புழல் ஏரியை வானிலிருந்து 2018இல் எடுத்த படத்தையும் 2019இல் எடுத்த படத்தையும் ஒன்றன் அருகில் ஒன்றாக வைத்து நாளேடுகள் வெளியிட்டன. தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகான படங்கள்கூட அல்ல. சேர்த்துப் பார்த்தபோது நாட்டையே உலுக்கின. நீங்கள் செய்யப்போவது அதையேதான், தரையில் நின்று.

நிற்கும் இடம் அசையாததாக இருக்க வேண்டும்: பாறை, கோயில் படி, சாலையோர மைல்கல். மரத்தை நம்ப வேண்டாம், வெட்டிவிடுவார்கள். முதல் ஆண்டிலேயே லென்ஸின் மி.மீ. அளவு, தரையிலிருந்து கேமராவின் உயரம், திசைகாட்டியின் பாகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு செல்லும்போது பழைய படத்தை அச்சிட்டுக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அருகில் உள்ள ஒரு பாறையின் விளிம்பும் தூரத்து மலையின் ஓர் உச்சியும் பழைய படத்தில் எப்படி ஒட்டி நின்றனவோ அப்படியே நிற்கும் வரை இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். இரண்டும் பொருந்திவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிட்டீர்கள் என்று பொருள். முக்காலியின் கால்கள் வண்டலில் இறங்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள்.

ஆண்டுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் மேட்டூரின் நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே கிடந்தது. குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கும் அணையை அந்த ஆண்டு அன்று திறக்க முடியவில்லை. கர்நாடகத்தில் பெய்த மழையால் ஜூலை 30ஆம் நாள் அணை 120 அடியை எட்டியது. இரண்டு மாதத்துக்குள் 70 அடிக்கு மேல் ஏறிய நீரை ஒரே பாறையில் நின்று எடுத்தவர் எவரேனும் இருந்தால் அவரிடம் இருப்பது விலைமதிப்பற்ற சொத்து. எனவே ஜூன் 12ஐ ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அணை நிறைந்த செய்தி வந்த வாரத்தை மற்றொரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நிறையாத ஆண்டில் ஆகஸ்டு மாத இறுதியில் எடுங்கள், நிறையவில்லை என்பதும் பதிவாகட்டும். இரண்டு முறையும் சூரியன் உதித்து அரைமணி நேரம் கழித்து எடுத்தால் ஒளி ஒத்துப்போகும்.

அன்றைய நீர்மட்டம் நாளேட்டில் அடிக்கணக்கில் வந்துவிடும். அதை வெட்டி ஒட்டி வைப்பதைவிடப் படக்கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: முதலில் ஆண்டு, மாதம், நாள், அடுத்து நீர்மட்டம், கடைசியில் நிற்கும் இடத்தின் பெயர். படத்தை வேறொருவர் திறக்கும் நாளில் உங்கள் குறிப்பேடு அவர் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பிரதியைப் பேரப்பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அவரையும் ஒருமுறை அந்தப் பாறைக்கு அழைத்துச் சென்று எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிவிடுங்கள்.